வயிற்று டயாலிசிஸ்: வீட்டில் ஒருவரே சமாளிக்க முடியுமா?

2 மார்ச் 2024, ஒரு வாசகியின் கேள்வி

கணவருக்கு 58 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் போய்விட்டது, ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு, 11 என்கிறார்கள். டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போய் ரத்த டயாலிசிஸ், இல்லாவிட்டால் வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்வது. எனக்கு வீடுதான் சரி என்று படுகிறது. நாத்தனார், "வீட்டில் செய்தால் கிருமி வந்துவிடும், சென்டர்தான் பத்திரம்" என்று அடித்துச் சொல்கிறார். வீட்டில் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் ஒருத்தியே சமாளிக்க முடியுமா?

3 மார்ச் 2024

நாங்கள் செய்கிறோம். நோயாளி என் மனைவி, கை என்னுடையது. சிங்கப்பூரில் ஈசூனில் பழைய நான்கறை வீடு, பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், முடியும். கப்பல் பட்டறையில் பைப்பும் வால்வுமாகக் காலத்தை ஓட்டியவன் நான், அதனால்தானோ என்னவோ ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்ததும் கைக்கு வந்துவிட்டது. தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்று வெளியே நிற்கும். அதன் வழியாக 2 லிட்டர் சர்க்கரைக் கரைசல் உள்ளே போகும், நான்கைந்து மணி நேரம் வயிற்றிலேயே கிடக்கும், ரத்தத்தில் இருக்கிற அழுக்கும் மிச்சத் தண்ணீரும் வயிற்றுச் சவ்வு வழியாக அதில் இறங்கும், அப்புறம் வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி. ஊசி குத்துவது இல்லை.

நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. குழாய் வழியாகக் கிருமி போனால் வயிற்றுச் சவ்வு அழற்சி வரும், பெரிட்டோனைட்டிஸ் என்பார்கள், இந்த வழியில் பெரிய பயமே அதுதான். ஆனால் சென்டருக்குப் போகிறவர்களிலும் பலர் கழுத்துக் குழாயோடுதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தால் அது பழுத்து ஊசி தாங்க ஒன்றரை மாதமாவது ஆகும், சிலருக்கு இன்னும் இழுக்கும். கழுத்துக் குழாயில் கிருமி வந்தால் அது நேராக ரத்தத்தில். ஆக, பயமில்லாத வழி என்று ஒன்று இல்லை.

வீட்டு வழிக்கு இரண்டு நல்ல விஷயம் உண்டு. இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அது கூடுதல் காலம் வற்றாமல் இருக்கும். தினமும் தண்ணீர் இறங்குவதால் இதயத்துக்கு ஒரேயடியாகச் சுமை ஏறி இறங்குவதும் குறைவு.

3 மார்ச் 2024, இரவு

மேலே எழுதியதை அவள் படித்துவிட்டாள். நோயாளி அவள், கை என்னுடையது என்றால் மூளை யாருடையதாம் என்று கேட்கிறாள். நியாயம்தான். வங்கியில் கணக்குப் பார்த்தவள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எடை, ரத்த அழுத்தம், எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதுகிறாள். போன வருஷம் கால் வீங்குவதற்கு முன்பே, வடிகிற தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்று அந்த நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

9 மார்ச் 2024

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 8 லிட்டர், மாதத்துக்கு 240 லிட்டர். அட்டைப் பெட்டிகளாக மாதம் ஒரு தடவை வாசலுக்கு வந்து இறங்கும். புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்ற சின்ன அறை இருக்கும், அதில் அடுக்கலாம். எங்களுடையது அதற்கு முந்தைய புளோக், ஆகவே மகளின் பழைய அறை முழுக்கப் பெட்டி. பேரன்கள் வந்தால் அதன் மேல் ஏறிக் கோட்டை கட்டுகிறார்கள். சீனப் புத்தாண்டு சமயத்தில் டெலிவரி தேதி முன்னே பின்னே போகும், கையிருப்பை அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பை மாற்றும் நேரத்தில் ஜன்னல் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், இரண்டு பேரும் முகக்கவசம், கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். சிங்கப்பூர் மதியத்தில் விசிறி இல்லாமல் முக்கால் மணி. வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கரைசலில் சர்க்கரை மூன்று அளவில் வரும், 1.5, 2.5, 4.25 சதவீதம். எங்களுக்கு வருவதில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறம் வைத்திருக்கிறார்கள். அளவு கூடக்கூட அதிகத் தண்ணீரை இழுக்கும், கூடவே உடம்புக்குள் சர்க்கரையும் ஏறும். வீக்கம் என்றதும் சிவப்பை எடுக்கத் தோன்றும். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் சவ்வு சீக்கிரம் களைத்துவிடும் என்று நர்ஸ் எச்சரித்தார். முதலில் உப்பைப் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, கடை மீ கோரெங்.

10 மார்ச் 2024

தமிழ் முரசு வாங்குகிறீர்களா என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். வாங்குகிறோம், படிக்கவும் வடிந்த பையை அதன் மேல் வைத்துப் பார்க்கவும். அச்செழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. எழுத்து மங்கினால் ஆஸ்பத்திரி. இது நர்ஸே சொல்லிக்கொடுக்கிற பரிசோதனை, எந்த மொழிப் பத்திரிகையும் செல்லும். வெள்ளை நூல் மாதிரி ஏதாவது மிதந்தால் அது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத நார், பதற வேண்டாம், ஆனால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

19 மே 2024

மெஷினுக்கு மாறிவிட்டோம். இரவு படுக்கும்போது இணைத்துவிட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு அதுவே ஏற்றி இறக்கும், பகலெல்லாம் கை சும்மா. நாலு தடவை ஜன்னல் சாத்துகிற வேலை போய்விட்டது. தேக்காவுக்குப் போய் அரை நாள் சுற்றிவிட்டு வந்தோம், கோமள விலாஸில் காப்பி, அளந்துதான்.

ஆனால் இரவில் அலாரம் அடிக்கும். திரும்பிப் படுத்ததில் குழாய் மடங்கியிருக்கும், இல்லாவிட்டால் மலச்சிக்கல். குடல் நிறைந்து குழாயை நெருக்கினால் தண்ணீர் வடியாது, அதனால் இந்த வீட்டில் லாக்டுலோஸ் சிரப்பும் காலைக்கடனும் தினசரிப் பேச்சாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கூச்சப்பட்ட தம்பதி நாங்கள்!

அலாரத்தில் அவள் எழுந்திருப்பதில்லை. நான் எழுந்தால் அப்புறம் விடியும் வரை தூக்கம் வராது. மெஷினை வாங்கியதும் "இனி உங்களுக்கு ரெஸ்ட்" என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். சரி.

7 ஜூலை 2024

பணம் பற்றிக் கேட்டவருக்கு. டயாலிசிஸுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பில் மாதம் 450 வெள்ளி வரை எடுக்கலாம், அதற்கு மேல் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு கொஞ்சம் தாங்கும், வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு, ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூக சேவகரைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுப் பராமரிப்பு மானியம் என்று மாதாமாதம் தருவார்களே, அது கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். அதற்கு நோயாளிக்கு ஆறு காரியங்களில் மூன்றுக்கு எப்போதும் ஆள் உதவி தேவைப்பட வேண்டும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. என் மனைவி இந்த ஆறையும் தானே செய்கிறாள். பை மாற்றுவது அந்த ஆறில் இல்லை. இரவு முழுக்க ஒரு மெஷினுக்குக் காவல் இருப்பதும் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும், ஆனால் இந்த நோயில் பக்கத்தில் இருக்கிறவரின் உழைப்பு அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

நான் ஏன் சிறுநீரகம் கொடுக்கவில்லை என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் சர்க்கரை. முதல் வடிகட்டலிலேயே வெளியே.

11 ஆகஸ்ட் 2024

தேசிய தின நீண்ட வார இறுதி. நேற்று காலை எழுத்து மங்கிவிட்டது.

முதலில் விளக்கைக் குறை சொன்னேன், பிறகு பத்திரிகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைத் தூக்கி எறியாமல் கட்டி எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனோம். இது முக்கியம், அந்தப் பையில்தான் கிருமி இருக்கிறது, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுப்பார்கள். இப்போது வார்டில். மருந்தை வயிற்றுக்குள்ளேயே, கரைசலோடு கலந்து விடுகிறார்கள்.

14 ஆகஸ்ட் 2024

தெளிகிறது. அவள் நோட்டுப் புத்தகம் கேட்கிறாள்.

26 ஆகஸ்ட் 2024

வீட்டுக்கு வந்துவிட்டோம், மருந்து இன்னும் பாக்கி, இரண்டு மூன்று வாரம் முழுதாக முடிக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வார்டில் வந்து பார்த்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "கையை ஒழுங்காகக் கழுவினீர்களா?" டாக்டர், நர்ஸ் கேட்கலாம், அது அவர்கள் வேலை, இரண்டாம் நாள் ஒருவர் என்னையே பொம்மை வயிற்றில் செய்துகாட்டச் சொன்னார், செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அது உறுத்தவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்களும் அதையே கேட்டார்கள் பாருங்கள். நாலாம் நாள் சோதனை முடிவு வந்தது. தோலில் இருக்கிற கிருமி என்றால் தொட்ட கையைச் சந்தேகப்படலாம். வந்திருந்தது குடலில் வாழ்கிற கிருமி. மலச்சிக்கலிலோ வயிற்றுப்போக்கிலோ குடல் சுவர் வழியாகவே தாண்டி வரக்கூடியது. அந்த முடிவைப் பழம் கொண்டுவந்தவர்களுக்கு யாரும் அனுப்பிவைப்பதில்லை.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மார்ச்சில் முடியும் என்று சொன்னேன், இப்போதும் அதேதான், கூட ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு இரவு யார் இணைப்பார்கள்? பெயர் சொல்ல முடிந்தால் வீட்டில் செய்யுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பெயர் இல்லை. எங்கள் மகள் பொங்கோலிலிருந்து வந்து இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள். மகன் மெல்பர்னிலிருந்து வீடியோவில் மேற்பார்வை செய்கிறான், அதற்கும் ஒரு மானியம் இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டு வார்டு பற்றி ஒருவர் கேட்டார். 2022இல் சோதனையாகத் தொடங்கி இந்த ஏப்ரலிலிருந்து வழக்கமான சேவையாகிவிட்டது, ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பதில் வீட்டிலேயே நர்ஸ் வருகை, வீடியோவில் டாக்டர். நல்ல ஏற்பாடு, நோயாளிக்குத் தன் படுக்கை. ஆனால் வீட்டில் வார்டு என்றால் இரவு ஷிஃப்ட் யார் என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

6 அக்டோபர் 2024

இதைக் கட்டாயம் படியுங்கள், வயிற்று டயாலிசிஸோடு சர்க்கரையும் இருக்கிறவர்கள் மட்டுமாவது.

பகலில் நீண்ட நேரம் உள்ளே வைக்க ஐக்கோடெக்ஸ்ட்ரின் என்ற வேறு கரைசல் தருவார்கள், சர்க்கரை குறைவாக ஏறும் என்பதால் எங்களுக்கும் மாற்றினார்கள். அது உடம்பில் உடைந்து மால்டோஸாகும். சில வகை குளுக்கோஸ் மீட்டர்கள், ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற முறையில் வேலை செய்பவை, மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணி அதிகமாகக் காட்டும். உண்மையில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும், மீட்டர் ஏறியிருக்கிறது என்று சொல்லும், அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆளே போய்விடலாம், வெளிநாடுகளில் போயிருக்கிறார்கள்.

போன வாரம் சளிக்காக ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே விரலில் குத்திச் சர்க்கரை 15.8 மில்லிமோல், ரொம்ப அதிகம் என்றார்கள். வீட்டு மீட்டரைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே பார்த்தேன், 6.9. இந்த மீட்டர் விஷயத்துக்காகப் பயிற்சியில் கொடுத்த எச்சரிக்கை அட்டையைக் காட்டினேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு ரத்தத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் ஏழுக்குக் கீழேதான். அட்டையைப் பர்ஸில் வையுங்கள். நோயாளியின் பர்ஸில், உங்கள் பர்ஸில் இல்லை. நீங்கள் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

இன்னொன்று, புரட்டாசி. தினமும் வடிகிற தண்ணீரோடு ஐந்து பத்து கிராம் புரதம் போய்விடும், ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரதம் இறங்கினால் வீக்கம், கிருமி எல்லாம் கூடவே வரும். அவள் சனிக்கிழமை சைவம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. டயட்டீஷியன் முட்டை வெள்ளைக்கரு என்றார், அவள் பெருமாள் என்றாள், கடைசியில் டோஃபுவில் சமாதானம்.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சிறுகண்பீளை, நெருஞ்சி முள் கஷாயம், யாரோ ஒருவருக்கு மூன்றே மாதத்தில் டயாலிசிஸ் நின்றுபோனதாம். சிரித்துக்கொண்டே முறுக்கை நீட்டினேன். ஆனால் ஒருவர் நட்சத்திரப் பழ ஜூஸ் வாங்கி வந்திருந்தார், சூடு தணிக்குமாம். அதை மட்டும் அவர் கண் முன்னாலேயே சிங்க்கில் ஊற்றினேன். மனவருத்தம்தான், பரவாயில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு நட்சத்திரப் பழம் விஷம், விடாத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு, உயிர் வரைக்கும் போகும். நம் ஊர் ஜூஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதே மாதிரி "லோ சோடியம்" உப்பு, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று எழுதியிருக்கும், இவர்களுக்கு இல்லை.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில். மறுபடி மங்கல், இந்தத் தடவை பூஞ்சை. முன்பு நிறைய ஆண்டிபயாடிக் போனவர்களுக்கு வரக்கூடியதாம். பூஞ்சை என்றால் காத்திருந்து பார்ப்பதே இல்லை, குழாயை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வேறு குழாய் வைத்து ரத்த டயாலிசிஸ்.

முதல் இரண்டு நாள் காய்ச்சலில் அவளுக்கு நான் யார் என்பதில் சந்தேகம். என்னை பிராஞ்ச் மேனேஜர் என்று நினைத்து லீவு கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

எல்பிஏ, அதாவது நம் மனம் தெளிவில்லாமல் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கிற பத்திரம், செய்யாதவர்கள் செய்யுங்கள். கணவன், மனைவி என்பதாலேயே மற்றவரின் வங்கிக் கணக்கையோ மத்திய சேமநிதியையோ நாம் கையாள முடியாது, மனம் தெளிவாக இருக்கும்போது எழுதிவைக்காவிட்டால் பிறகு நீதிமன்றம் போய்ப் பிரதிநிதியாக நியமனம் வாங்க வேண்டும், காசும் காலமும். முதல் குழாய் வைப்பதற்கு முன்பே, "நான் வங்கியில் பார்க்காத கூத்தா" என்று அவள்தான் என்னை டாக்டரிடம் சான்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

23 பிப்ரவரி 2025

வீட்டில் இருக்கிறாள், நடை தளர்ந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி காலையில் சென்டர், நான்கு மணி நேரம். தைப்பூசம் செவ்வாயில் வந்தது. டேங்க் ரோடு முருகனைப் போனில் வைத்துக்கொண்டு மெஷினோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலி சீன அம்மாவுக்குக் காவடிக்கு விளக்கம் வேறு.

சாப்பாட்டுக் கணக்கு தலைகீழாகிவிட்டது. வீட்டு வழியில் தினமும் வடிந்ததால் வாழைப்பழம் தின்னலாம், சில சமயம் பொட்டாசியம் குறைந்து தின்னவே சொன்னார்கள். இப்போது இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் சேர்ந்துவிடும், இதயம் நின்றுபோகிற அளவுக்குச் சேரும். காயை நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கீரை, இளநீர், உருளைக்கிழங்கு போண்டா எல்லாவற்றுக்கும் பெரிய கும்பிடு. குடிக்கிற தண்ணீர், போகிற சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், அதில் ரசமும் மோரும் அடக்கம். தாகத்துக்குச் சின்ன ஐஸ் கட்டி வாயில் வைத்துக்கொள்வது உதவுகிறது.

வீட்டில் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. பிரிக்காதவற்றைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

24 பிப்ரவரி 2025

நேற்று ஒன்றை எழுதவில்லை. சென்டரில் அவளை விட்டுவிட்டு வெளியே வந்தால் நான்கு மணி நேரம். முதல் வாரம் அங்கேயே வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நர்ஸ் வந்து, "அங்கிள், வீட்டுக்குப் போங்க, நாங்க இருக்கோம்" என்று விரட்டினார். காப்பிக்கடைக்குப் போய் கோப்பி ஓ கோசோங் வாங்கி, ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு பாலிகிளினிக்கில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள், மாத்திரையைக் கூட்டினார்கள். எவ்வளவு நாளாக அப்படி இருந்ததோ.

வீடு நல்லது என்று ஒரு வருஷமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் உடம்பை வைத்துப் பார்த்தால் இன்றும் அப்படித்தான் எழுதுவேன். என் உடம்பும் கணக்கில் உண்டா என்று டாக்டரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

13 ஏப்ரல் 2025

மானியம் பற்றி ஜூலையில் எழுதியதற்குத் தொடர்ச்சி. இப்போது குளிக்க, உடுத்த, நடக்க மூன்றுக்கும் ஆள் வேண்டும், இனி முழுதாகப் பழையபடி ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். டாக்டர் மதிப்பீடு முடிந்து மானியம் வரத் தொடங்கியிருக்கிறது. ஆக நிலைமை மோசமானதும் உதவி வந்துவிட்டது, வேலை பாதியானதும்! குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் போட்டுக்கொண்டோம், 65 தாண்டியவர் வீட்டில் இருந்தால் செலவில் பெரும்பகுதியை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள், அந்த வயது எனக்கு ஆகிவிட்டது.

பணிப்பெண் வைக்கலாமே என்று மகன் சொல்கிறான். இந்த மாதிரி நோயாளி இருந்தால் அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிற லெவி 300 வெள்ளிக்குப் பதில் 60தான். யோசிக்கிறோம். மகளின் பழைய அறையில் முதலில் பெட்டி போக வேண்டும்.

4 மே 2025

நேற்று வாக்களிப்பு, சனிக்கிழமை, பொது விடுமுறை. டயாலிசிஸுக்கு விடுமுறை ஏது. முடித்துவிட்டு நேராக வாக்களிப்பு நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், அப்படியும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். யாருக்குப் போட்டாள் என்று சொல்ல மாட்டாளாம். பேருந்திலேயே வீடு திரும்பினோம், சாய்தளத்தை இறக்கிவிட்ட ஓட்டுநர் பொறுமையானவர்.

27 ஜூலை 2025

கையில் ஃபிஸ்டுலா தயாராகிவிட்டது. விரலை வைத்தால் சர்ர்ரென்று அதிரும், தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது. கழுத்துக் குழாய் போன வாரம் எடுத்தாகிவிட்டது, ஆறு மாதத்துக்குப் பிறகு தலைக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள்.

டாக்டர் ஒரு கேள்வி வைத்தார். வயிறு ஆறியிருக்கிறது, உள்ளே தழும்பு எவ்வளவு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், ஒத்துவந்தால் மறுபடி குழாய் வைத்து வீட்டிலேயே செய்யலாம், வேண்டுமா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "சீன அம்மா அடுத்த வாரம் மஹ்ஜோங் சொல்லித்தரேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு, "ராத்திரி நீங்க எழுந்து உட்கார்ந்திருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" அலாரத்தில் தூங்குவதாக நான் எழுதிக்கொண்டிருந்தேனே, அவள் தூங்கவே இல்லையாம். இரண்டு பேரும் விழித்தால் என்ன பிரயோஜனம் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம். வங்கிக்காரி.

3 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்ட அம்மாவுக்கு. ஈஜிஎஃப்ஆர் 7, அடுத்த மாதம் வயிற்றில் குழாய் வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி மனைவி கூட வந்து பழகிக்கொள்ளப் போகிறாள் என்று பெயரோடு சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் நான் கேட்டது. பயிற்சிக்கு இரண்டு பேரும் முதல் நாளிலிருந்தே போங்கள், பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். லாக்டுலோஸை இப்போதே கேளுங்கள். குழாய் வெளியே வருகிற இடம் பெல்ட்டுக்கும் உட்காரும்போது விழுகிற மடிப்புக்கும் மாட்டாதபடி, அவரை உட்காரவைத்துப் பேனாவால் குறித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐக்கோடெக்ஸ்ட்ரின் கொடுத்தால் மீட்டர் அட்டை. நாத்தனார் ஜூஸ் வாங்கி வந்தால் என்ன பழம் என்று பாருங்கள்.

பேனா, நோட்டு வேண்டுமானால் இந்த வீட்டில் கோடு போட்ட நோட்டுகள் மிச்சம் இருக்கின்றன, தருவதாகச் சொல்கிறாள். கரைசல் பெட்டியைத்தான் தர முடியாது, ஒருவருக்கு வந்ததை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மகளும் மருமகனும் வந்து அறையைக் காலி செய்கிறார்கள்.